ஏழாவது காசு

மார்ச் 3

அன்புள்ள குண்டுமணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது, ஆனால் ஜன்னலை மூட முடியவில்லை. வழி நெடுகத் தூறல் என் இடது தோளைத் தேடி வந்து விழுந்தது. தராசுப் பெட்டியை மடியில் வைத்துத் துண்டால் போர்த்திக்கொண்டதால் அது நனையவில்லை. நீ கட்டிக் கொடுத்த சாப்பாட்டில் பாதியைப் பக்கத்து இருக்கைக்காரர் சாப்பிட்டார். அவர் கேட்கக்கூட இல்லை, நானாகத்தான் நீட்டினேன். திட்டுவாய், திட்டு.

பல் டாக்டர் வீடு தெருவின் மேட்டுக் கோடியில் இருக்கிறது. கீழே அவருடைய கிளினிக். அவர் இறந்து ஐந்து மாதமாகிறது, ஆனால் நாற்காலியும் அதன் மேல் வளைந்த விளக்கும் அடுத்த ஆளுக்குக் காத்திருப்பது போலவே இருக்கின்றன. மேலே வீடு, அதற்கும் மேலே எனக்கு ஓர் அறை. காசுகள் அசலா என்று பார்த்துச் சொல்லும்படி நமக்கு எழுதியது டாக்டரின் மனைவி. கையெழுத்தைப் பார்த்து நான் வயதான அம்மாவை எதிர்பார்த்தேன். நம் வயதுதான். "வாங்க, பாத்து ஏறுங்க, மூணாவது படி ஆடும்" என்றார். நிதானமான குரல். அந்தக் குரலைக் கேட்டால் ஆடும் படிகூடக் கொஞ்சம் அடங்கி நிற்கும் போலிருந்தது.

காசுகள் பன்னிரண்டு. எல்லாம் ஒரே ராணியின் தலை போட்ட தங்கக் காசுகள், நூறு வருஷத்துக்கு மேல் பழசு. டாக்டர் ஒவ்வொன்றாகத் தேடி வாங்கிச் சேர்த்திருக்கிறார். நீல வெல்வெட்டில் பள்ளம் பள்ளமாகச் செய்து பதித்த பெட்டி. இந்த அம்மா காசை எடுக்கும் விதத்தை நீ பார்க்க வேண்டும். விளிம்பில் மட்டும் இரண்டு விரல், அதுவும் காற்றைப் பிடிப்பது போல். நம் வாடிக்கையாளர்கள் கட்டைவிரலை ராணியின் மூக்கிலேயே வைத்து அழுத்துவார்களே, எத்தனை நாள் நாம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம்! எனக்கு மனசே குளிர்ந்துவிட்டது.

நான்கைந்து நாளில் முடித்துவிடுவேன். கடையில் தனியாக இருக்கிறாய். ஷட்டரை இழுக்கும்போது விரலைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் கண்ணாடிக் கண்ணன்

*

மார்ச் 6

என்னங்க,

கடிதம் வந்தது. ரயில் ஜன்னலுக்குக் கொஞ்சம், தராசுப் பெட்டிக்குக் கொஞ்சம், என் விரலுக்கு ஒரு வரி. மற்றதெல்லாம் அந்த அம்மா. நான் அளந்து பார்க்கவில்லை, எடை போடுகிறவள் என்பதால் கையில் எடுத்ததுமே எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிட்டது.

நிதானமான குரல் என்று எழுதியிருக்கிறீர்கள். என் குரலைப் பற்றி இதுவரை யாருக்காவது எழுதியிருக்கிறீர்களா? நமக்குப் போன் வரும் மருந்துக்கடைக்காரர் சொல்கிறார், "அண்ணி போன்ல பேசினா ரிசீவர தள்ளிப் பிடிச்சுக்கணும்" என்று. அதனால்தான் போன் வேண்டாம், எழுதிக்கொள்வோம் என்றேன். இருமல் மருந்து வாங்க வந்தவர்களெல்லாம் இருமலை மறந்து காது கொடுக்க, நான் உங்களிடம் என்ன பேசுவது?

இன்னொன்று. "நம் வயதுதான்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் வயதா, என் வயதா? நமக்குள் ஏழு வருஷ வித்தியாசம் இருக்கிறது. அந்த ஏழு வருஷத்துக்குள் எங்கே நிற்கிறார் என்று தெரிந்தால் தேவலை.

கடைச் செய்தி: செவ்வாய்க்கிழமை ஒருவர் வந்தார், அப்பா வைத்துவிட்டுப் போன காசு என்று. முலாம் மட்டும்தான் தங்கம், உள்ளே செம்பு. சொன்னதும் "உங்க தராசுதான் சரியில்ல" என்று என்னோடு மல்லுக்கு நின்றார். அவர் கைக்கடிகாரத்தையே இரண்டு தட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டு, எடை ஒன்றாகவே வருகிறது என்று காட்டிய பிறகுதான் போனார். எதிரே மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துவிட்டு, "அண்ணன் இன்னும் வரலையா? பல் டாக்டர் வீட்டுல பல்லப் பிடுங்கி உக்கார வெச்சுட்டாங்களா?" என்கிறார். நான் சிரித்தேன். சிரிக்கிற மாதிரி இல்லை, ஆனாலும் சிரித்தேன்.

நான்கைந்து நாள் என்றீர்கள். இந்தக் கடிதம் கிடைக்கும்போது நீங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
நிதானமில்லாத
குண்டுமணி

*

மார்ச் 10

அன்புள்ள குண்டுமணிக்கு,

உன் வயதுக்கும் என் வயதுக்கும் நடுவில். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். போதுமா?

பெட்டியைக் கட்டவில்லை. கோபப்படாமல் முழுவதும் படி. எனக்கு உன் மூளை வேண்டும்.

பதினொரு காசுகள் அப்பழுக்கில்லாதவை. விளிம்பு வரி ஒவ்வொன்றும் கத்தி போட்டு அறுத்தது போல் நிற்கிறது. ஏழாவது காசுதான் இடிக்கிறது. காற்றில் எடை சரியாக இருக்கிறது. தண்ணீரில் தொங்கவிட்டால் மற்றவற்றைவிட அதிகமாகக் குறைகிறது. இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் அதேதான். தங்கம் தங்கம்தான், ஆனால் நாணயச் சாலைத் தங்கம் இல்லை, ஏதோ கலந்தது. எடை சரியாக வரட்டும் என்று தடிமனைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார்கள். லென்ஸில் பார்த்தால் எழுத்தெல்லாம் சோப்புக் கட்டியில் எழுதித் தேய்ந்தது போல் இருக்கிறது. ஆறாவது காசில் ராணியின் காதுக்குக் கீழே பொடியாக ஒரு கீறல் உண்டு. ஏழாவதிலும் அதே இடத்தில், அதே கோணலோடு, அதே கீறல். இரண்டு காசு ஒரே மாதிரி கீழே விழுந்து ஒரே மாதிரி கீறிக்கொள்ளுமா? ஆறாவதை அச்செடுத்து ஏழாவதை வார்த்திருக்கிறார்கள்.

யார் வார்த்தது என்று தேட வெளியே போக வேண்டியதில்லை. கிளினிக்கின் பின்னறையில் தங்கப் பல் வார்க்கும் எந்திரம் இருக்கிறது. மெழுகு இருக்கிறது, அச்சு மண் இருக்கிறது. அந்தத் தங்கத்தின் வெளிர் நிறம் உனக்கே தெரியும்.

இதைச் சொல்லிவிட்டு வர வேண்டியதுதானே என்பாய். நேற்று மாலை காபி கொடுத்துவிட்டு அந்த அம்மா எதிரில் உட்கார்ந்தார். "இத நான் விக்கறதுக்காகப் பாக்கச் சொல்லல" என்று ஆரம்பித்தார். "அவர் போனப்ப துக்கம் கேக்க எத்தனையோ பேர் வந்தாங்க. அதுல ஒரு பொண்ணு. முன்னாடி இங்க கிளினிக்ல வேல பாத்தவ. கழுத்துல சங்கிலி, சங்கிலில ஒரு காசு. இந்த ராணி தலதான். என் கைய ரொம்ப நேரம் பிடிச்சிட்டிருந்தா. எல்லாரும் போனதும் பெட்டியத் தொறந்து எண்ணினேன். பன்னெண்டும் இருந்துது. ஆனா அவர் கைவேல எனக்குத் தெரியும். அதான் உங்களக் கூப்பிட்டேன். பன்னெண்டும் அசலா இருந்தா அவ போட்டிருந்தது எங்க வீட்டுக் காசு இல்ல. எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும்."

அப்போது ஏழாவது காசு என் உள்ளங்கையில் இருந்தது. "இன்னும் பார்த்து முடிக்கலை" என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

எப்படிச் சொல்வது, குண்டுமணி? என் எடைக் கணக்கைத் தனியாக எழுதி இத்தோடு வைத்திருக்கிறேன். எங்காவது தப்பு செய்திருக்கிறேனா, பார்த்துச் சொல்.

அன்புடன்,
கண்ணாடிக் கண்ணன்

*

மார்ச் 13

என்னங்க,

கணக்கில் தப்பில்லை. வார்ப்புதான். சொல்லிவிட்டு வாருங்கள்.

எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்கிறீர்களே, அதை இரண்டு தடவை படித்தேன். உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாதா? நமக்குக் கல்யாணமான புதிதில், நம் வீட்டுக் கூடத்தில், என் அம்மா தன் பையிலிருந்து துணி முடிச்சை அவிழ்த்து ஒரு காசை என் கையில் வைத்தாள். பெரியம்மா, சித்தி, உங்கள் அக்கா எல்லோரும் சுற்றி நின்றார்கள். நீங்கள் என் கையிலிருந்து அதை வாங்கி வெளிச்சத்தில் ஒரு திருப்புத் திருப்பினீர்கள். "வார்ப்பு" என்றீர்கள். "விளிம்ப பாரு, தெரியும்." அவ்வளவுதான். திருப்பிக் கொடுத்துவிட்டுச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டீர்கள். அம்மா அந்தத் துணியை மடித்தாள், திரும்ப மடித்தாள், மடிக்க இனி இடமில்லை என்ற பிறகும் மடித்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் சொன்னது பொய் என்று நான் என்றைக்கும் சொன்னதில்லை. பின்னால் நானே தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், வார்ப்புதான். ஆனால் அன்றைக்கு யாரைக் கேட்டீர்கள், எப்படிச் சொல்வது என்று? ஒரு காபி குடிக்கிற நேரமாவது அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தவித்தீர்களா?

அந்த அம்மாவின் மனசு நோகும் என்று தவிக்கிறீர்கள். நல்லது. உங்களிடம் அப்படி ஒரு தவிப்பு இருந்திருக்கிறது, இத்தனை வருஷம் அதை எந்த அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தீர்கள் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அவர் கணவருடைய காசு எந்தக் கழுத்தில் தொங்குகிறது என்று தெரிந்துகொள்ள ஆள் வைத்துப் பார்க்கிறார். என் கணவர் எந்த வீட்டு மாடியில் காபி குடிக்கிறார் என்று எனக்கு அவரே பக்கம் பக்கமாக எழுதி அனுப்புகிறார். இருவரில் நான் கொடுத்து வைத்தவள்தான்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இப்போதெல்லாம் ஒன்றும் கேட்பதில்லை. அது இன்னும் மோசம்.

குண்டுமணி

*

மார்ச் 17

அன்புள்ள குண்டுமணிக்கு,

உன் கடிதம் வந்தது. நேரில் பேசுகிறேன்.

இத்தோடு சான்றிதழ் வைத்திருக்கிறேன். காசைப் பார்த்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எடை பார்த்தவர் என்ற இடத்தில் நீ போட்டு உடனே திருப்பி அனுப்பு. பன்னிரண்டும் அசல் என்றுதான் எழுதியிருக்கிறேன். தெரிந்துதான் எழுதினேன்.

ஒரு நிமிஷம் யோசித்துப் பார். அவர் விற்கப் போவதில்லை, அதனால் யாரும் ஏமாறப் போவதில்லை. டாக்டரைக் கூப்பிட்டு விசாரிக்கவும் முடியாது. முந்தாநாள் அந்த அம்மா, "முடிஞ்சுதா?" என்று கேட்டார். "முடிஞ்சுது, எல்லாம் சரியா இருக்கு" என்று வாயில் வந்துவிட்டது. "அப்படியா" என்றார். அவ்வளவுதான். ஆனால் அன்றைக்குத்தான் அவர் உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிட்டார் என்று சமையற்காரம்மா சொன்னார். கிளினிக்கின் ஜன்னல்களைத் திறந்து பெருக்கச் சொல்லியிருக்கிறார். மூடிக் கிடந்த வீட்டில் காற்று வருகிறது.

காகிதம் கையில் வேண்டும் என்கிறார். அது வந்ததும் கிளம்பிவிடுவேன். அதுவரைக்கும் அலமாரியில் இருக்கும் வெள்ளிக் காசுகளை வகை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்காக இந்த ஒரு தடவை.

உன்,
கண்ணன்

*

மார்ச் 20

ஐயா அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய சான்றிதழைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எடை பார்த்தவர் எடை பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அப்படி எழுத விட்டிருக்க மாட்டார்.

இது கடை பேசுவது. இனி நான் பேசுகிறேன்.

நம் கடைப் பலகையில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. அப்பா காலத்துக் காசைப் போலி என்று சொன்னதற்காக என்னைத் திட்டிவிட்டுப் போகிறார்கள், அவர்களே அடுத்த காசையும் நம்மிடம்தான் கொண்டுவருகிறார்கள். ஏன்? நாம் யார் முகத்தையும் பார்த்துச் சொல்வதில்லை, காசைப் பார்த்துத்தான் சொல்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். இப்போது நீங்கள் முகத்தைப் பார்த்துவிட்டீர்கள்.

உங்கள் காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு வேலை பார்க்க உட்கார்ந்தேன். ஒரே காசை மூன்று தடவை தட்டில் போட்டும் எடையை எழுத மறந்தேன். கோபம் என்று நினைத்தேன். வாடிக்கையாளர்கள் மேல் எனக்கு எத்தனையோ தடவை கோபம் வந்திருக்கிறது, அப்போதெல்லாம் ஒரு எடையைக்கூட மறந்ததில்லை. கடையைப் பாதியிலேயே பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். இது என்ன என்று இப்போது தெரிகிறது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். நீங்கள் அந்த அம்மாவைத் தொட்டிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. நீங்கள் அவருக்காக ஒரு பொய் சொன்னீர்கள். உங்களுக்கு இந்த உலகத்தில் எதன் மேல் அதிக பிரியம் என்று எனக்குத் தெரியும், அதைத் தூக்கி அவர் காலடியில் வைத்தீர்கள். எனக்காக நீங்கள் ஒரு பொய் சொன்னதில்லை. புது உடுப்பு போட்டு வந்து நின்றால் "தோள்ல இழுக்குது" என்பீர்கள். நான் சமைத்ததை "உப்பு இல்ல" என்பீர்கள். காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது "கிழவி மாதிரி ஆயிட்ட" என்றீர்கள். எல்லாம் உண்மைதான். உண்மையைத் தவிர வேறொன்றும் எனக்குக் கிடைத்ததில்லை.

"எனக்காக இந்த ஒரு தடவை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்காக என்றால் போட்டிருப்பேன். இது உங்களுக்காக இல்லை.

அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள். சொல்ல முடியாவிட்டால் அங்கேயே இருந்து வெள்ளிக் காசைப் பிரித்துக்கொண்டிருங்கள். நான் கடையைப் பார்த்துக்கொள்வேன்.

எடை பார்ப்பவர்

*

மார்ச் 23

குண்டுமணி,

அவசரமாக எழுதுகிறேன். இதை இன்று விரைவுத் தபாலில் போட்டுவிடுவேன். ஆனால் இதற்கு முன்னால் அந்த அம்மா அங்கே வந்து சேர்ந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

உன் கடிதம் நேற்று கிடைத்தது. படித்துவிட்டு ராத்திரி சாப்பிடாமல் படுத்தேன். காலையில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து கீழே இறங்கினேன். சத்தியமாகச் சொல்லத்தான் இறங்கினேன். அவர் இல்லை. சமையற்காரம்மா சொல்கிறார்: "காகிதம் ஏன் இன்னும் வரலைன்னு கேட்டாங்களாம், நீங்க மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டீங்களாம். காசுப் பொட்டிய எடுத்துக்கிட்டு முதல் வண்டிக்குப் போயிட்டாங்க. எடை போடறவங்களையே பாத்துக் கேட்டுக்கறேன்னாங்க." மருந்துக்கடைக்குப் போன் போட்டேன். அங்கே யாரும் எடுக்கவில்லை.

நீ என் மேல் என்ன கோபம் வேண்டுமானாலும் வைத்துக்கொள். அவரிடம் காட்டாதே. கொஞ்சம் பதமாகச் சொல். நான் பொய் சொன்னேன் என்று தெரிந்தால் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. உன் முகத்தில் எப்படி விழிப்பது என்றும் தெரியவில்லை.

கண்ணன்

*

மார்ச் 24

என்னங்க,

உங்கள் விரைவுத் தபால் இன்று காலையில்தான் வந்தது. அவர் நேற்றே வந்துவிட்டுப் போய்விட்டார். எல்லாம் முடிந்த பிறகு "பதமாகச் சொல்" என்று படித்தேன்.

நேற்று மதியம் கடையில் யாரும் இல்லை. நான் பழைய மேலங்கியைப் போட்டுக்கொண்டு, மூக்கில் லென்ஸ் பதிந்த தழும்போடு, கல்லாவுக்குக் கீழே உருண்டு போன ஒரு திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தேன். "உள்ள வரலாமா?" என்று கேட்டது. தலையைத் தூக்குவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. நிதானமான குரல்தான். அவரை என்றைக்காவது பார்த்தால் என்ன உடுத்துவது என்றுகூட நான் ஒருநாள் யோசித்து வைத்திருந்தேன். முட்டியில் தூசியோடு எழுந்து நின்றேன்.

அழகுதான். குரலை எழுதினீர்கள், கையை எழுதினீர்கள், முகத்தை மட்டும் ஒரு வார்த்தை எழுதவில்லை. பார்த்ததும் ஏன் எழுதவில்லை என்று புரிந்தது. மற்றதையெல்லாம் எழுதியதைவிட அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

"உங்க வீட்டுக்காரர் எல்லாம் சரியா இருக்குன்னாரு. ஆனா காகிதம் வரல. நீங்க கையெழுத்துப் போடலன்னு எனக்குத் தோணுச்சு. சரியா?" என்றார்.

"நான் இன்னும் எடை போடலைங்க. உக்காருங்க" என்றேன்.

தராசை வைத்தேன். முதல் காசிலிருந்து வரிசையாகப் போட்டேன், ஏழாவதை மட்டும் எடுத்தால் தெரிந்துவிடுமே என்று. அவர் முள்ளைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவதைத் தண்ணீரில் இறக்கினேன். மற்றவை நின்ற இடத்தைத் தாண்டி முள் நகர்ந்தது. மெல்லச் சொல்லியிருக்கலாம். காபி சொல்லிவிட்டு, ஊர்ச் செய்தி பேசிவிட்டுச் சொல்லியிருக்கலாம். நான், "இது வார்ப்பு" என்றேன். "இந்த ஆறாவத அச்செடுத்து வார்த்தது. பல்லுக்குப் போடற தங்கம்." அப்படியே, செய்தித்தாளைக் கையில் எடுக்காத குறையாக. சொல்லும்போது எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது, மறைக்க மாட்டேன். நீங்கள் கொடுக்க மனசில்லாமல் வைத்திருந்ததை நான் கொடுத்துவிட்டேன் என்ற சந்தோஷம்.

அது அதிக நேரம் நிற்கவில்லை. அவர் கையை நீட்டித் தராசுக்குப் பக்கத்தில் இருந்த குவளையை எடுத்தார், காசை முக்கி எடுத்த தண்ணீரை. முழுவதும் குடித்துவிட்டுத்தான் கீழே வைத்தார். என்ன குடித்தார் என்றே அவருக்குத் தெரியவில்லை.

பிறகு கேட்டார், "அப்ப உங்க வீட்டுக்காரர் ஏன் சரியா இருக்குன்னாரு?"

"அவருக்கு இந்த ஏழாவது மேல சந்தேகம் இருந்துதுங்க. என் தராசுல போட்டுப் பாக்காம சொல்ல வேண்டாம்னு இருந்திருப்பார்" என்றேன். எப்படி வந்ததோ தெரியவில்லை, வாயில் தடங்கலில்லாமல் வந்தது. உங்களைத் திட்ட வந்த வாய்.

அவர் நம்பவில்லை. லேசாகச் சிரித்தார். "எங்க வீட்டுக்காரரும் ரொம்ப நல்லாப் பேசுவாரு" என்றார். "ஒரு கடுமையான வார்த்த சொன்னதில்ல. எது கேட்டாலும் மனசு நோகாத மாதிரி ஒரு பதில் வெச்சிருப்பாரு. அந்தப் பொண்ணு ஏன் வேலைய விட்டுப் போனான்னு கேட்டப்பக்கூட. உங்க வீட்டுக்காரர் எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னாரு பாருங்க, அச்சு அசல் அதே குரல். நல்லாச் சாப்பிட்டேன். நேத்து ராத்திரிதான் அந்தக் குரல எங்க கேட்டோம்னு ஞாபகம் வந்துச்சு. உடனே வண்டி ஏறிட்டேன்."

நான் அவர் கையைப் பிடிக்கவில்லை. ஏற்கெனவே ஒருத்தி ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று எழுதியிருந்தீர்களே. கதவுக்குப் போய் 'மூடியிருக்கிறது' அட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஏழாவதைக் காட்டி, "இத என்ன செய்வீங்க வழக்கமா?" என்று கேட்டார். வேறு யாரும் ஏமாறக் கூடாது என்று சொந்தக்காரர் சம்மதித்தால் வெட்டிவிடுவோம் என்றேன். "வெட்டுங்க" என்றார். நான் உலோகம் வெட்டும் கத்தரியை எடுத்ததும், "இல்ல, குடுங்க" என்றார். நான் இடுக்கியால் காசைப் பிடித்துக்கொண்டேன், அவர் கத்தரியின் பிடியை இரண்டு கையாலும் அழுத்தினார். முதல் தடவை வழுக்கியது. பல்லுக்கு வார்த்த தங்கம், கெட்டி. "நல்லா சாஞ்சு அழுத்துங்க, முழு பாரத்தையும் போடுங்க" என்றேன். எழுந்து நின்று அழுத்தினார். டக்கென்று இரண்டானது. ஒரு பாதி பறந்து போய் ஷட்டர் ஓரத்தில் விழுந்தது. இருவரும் குனிந்து தேடினோம். தேடும்போது அவர் தலையும் என் தலையும் முட்டிக்கொண்டன, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். அப்புறம் அவர் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். அவருக்காக மட்டும் அழுதேன் என்று சொல்ல மாட்டேன்.

பதினொரு காசுக்குச் சான்றிதழ் எழுதி என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. ராத்திரி வண்டியில் ஊருக்குத் திரும்பியிருப்பார். நீங்கள் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும், அதனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நீங்களே ஒரு தடவை சொல்லிவிடுங்கள். காசைச் சொல்வது போலவே, சுருக்கமாக. அதற்குமேல் ஆறுதல் ஒன்றும் வேண்டாம். கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சனிக்கிழமை வண்டியில் ஏறுங்கள். வெள்ளிக் காசுகள் அந்த அலமாரியிலேயே இருக்கட்டும்.

என்னிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம். நன்றாக யோசித்துவிட்டேன். உங்கள் வாயிலிருந்து பதமான வார்த்தை வந்தால் இனி எனக்குப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் கூடத்தில் நாலு பேர் நிற்கும்போது ஒரு காபி குடிக்கிற நேரம் பொறுத்துச் சொல்லலாம், அது பொய்யாகாது. இதை மட்டும் கற்றுக்கொண்டால் போதும்.

நான் முழுவதும் தேறிவிட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். வண்டி ஏறுவதற்கு முன் அவர் வாசலில் நின்று, "உங்க வீட்டுக்காரர் சட்டையெல்லாம் பொத்தான் ஆடிட்டிருந்துது, அந்த நீலச் சட்டைக்கு மட்டும் நான் தெச்சுக் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கள்ளமில்லாமல்தான் சொன்னார். சனிக்கிழமை வரும்போது அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வராதீர்கள். பெட்டியில் மேலாக வையுங்கள். நீங்கள் கை கால் கழுவிக்கொண்டு வருவதற்குள் அந்தப் பொத்தானைப் பிய்த்துவிட்டு நான் என் நூலில் தைக்க வேண்டும்.

உங்கள்,
குண்டுமணி